ரங்கசாமி நரசிம்மன்

ரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 - செப்டம்பர் 3, 2007) இந்தியக் கணினி அறிவியலாளரும் அறிதிறன் அறிவியலாளரும் ஆவார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் முழு அளவுப் பொதுப்பயன் மின்னணுக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இந்தியக் கணினி அறிவியல் ஆய்வின் தந்தை எனப் பலராலும் மதிக்கப்படுகிறார். ஆர். நரசிம்மன் என்ற பெயரிலேயே பெரிதும் அறியப்படுகிறார்.

அயல்நாட்டில் வெளியான வடிவமைப்பு அறிக்கைகளைப் படித்து, அவற்றின் வழியில் ஒரு கணினியைச் சொந்த முயற்சியால் கட்டி முடிப்பது 1950களில் உலகின் சில நாடுகளில் மட்டுமே நடந்த செயலாகும். இந்தியாவில் அதனைச் செய்து காட்டியது இவரது குழு. டிஃப்ராக் இயங்கத் தொடங்கியபோதே அதன் வெற்றிடக் குழாய்த் தொழில்நுட்பம் உலக அளவில் பழையதாகிவிட்டிருந்தது. எனினும் அதனைக் கட்டியதன் வழியாக உருவான அறிவும் ஆட்களும் அந்தக் கணினியைவிட நெடுங்காலம் பயன் தந்தனர். கணினியைக் கட்டுவதா, வாங்குவதா என்ற கேள்வி நரசிம்மனின் பணிக்காலம் முழுவதும் தொடர்ந்து வந்த கேள்வியாகும்.

பிறப்பும் கல்வியும்

நரசிம்மன் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. அங்கு தொலைத்தொடர்புப் பொறியியல் பாடப்பிரிவு 1945 ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. எனவே அப்பிரிவின் தொடக்ககால மாணவர்களுள் இவரும் ஒருவர்.

பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். கணினி அறிவியல் என்ற தனிப் பாடம் அப்போது பல்கலைக்கழகங்களில் தோன்றியிருக்கவில்லை. கணினியை வடிவமைப்பவர் ஒருபுறம் மின்சுற்றுகளையும் மறுபுறம் கணித ஏரணத்தையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. நரசிம்மன் இவ்விரு துறைகளிலும் முறையான பயிற்சி பெற்றிருந்தார்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில்

ஓமி பாபாவின் அழைப்பை ஏற்று 1954 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பிய நரசிம்மன், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1945 இல் நிறுவப்பட்ட அக்கழகம் அப்போது கேட்வே ஆஃப் இந்தியா அருகிலுள்ள பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கி வந்தது. அணுக்கரு இயற்பியல், அண்டக்கதிர், கணிதம் ஆகிய துறைகளில் ஆய்வுகள் நடைபெற்றன. இவ்வாய்வுகளுக்குத் தேவையான மின்னணுக் கருவிகளைக் கழகமே செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. கருவியாக்கப் பிரிவுக்கு டி. ஒய். பட்கே பொறுப்பு வகித்தார்.

அக்காலத்தில் இந்தியாவில் மின்னணு எண்ணிமக் கணினி எதுவும் இருக்கவில்லை. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம், பி. சி. மகலனோபிசின் முயற்சியால், இங்கிலாந்தில் செய்யப்பட்ட எச்.ஈ.சி-2எம் என்னும் கணினியை 1955 இல் இறக்குமதி செய்தது. அதன்பின் சோவியத் ஒன்றியத்தின் யூரல் கணினியும் அங்கு வந்து சேர்ந்தது. கொல்கத்தா கணினியை வாங்கும் வழியில் சென்றபோது, மும்பை கட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு கணினியை வாங்கினால் கணக்குகளை விரைவாகப் போடலாம். ஆனால் அதன் உட்கூறுகளை அறிந்தவர்கள் உருவாகமாட்டார்கள். கட்டினால் அறிவு உருவாகும். ஆனால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வடிவமைப்புக் குழு சிறியது. இயற்பியலும் மின்னணுவியலும் பயின்ற இளைஞர்களே அதில் இருந்தனர். முழுக் கணினி ஒன்றை வடிவமைத்த முன்னனுபவம் அவர்களுள் எவருக்கும் இல்லை.

முன்மாதிரியாக அமைந்த கணினிகள்

முன்னனுபவம் இல்லாத ஒரு குழு கணினி கட்ட முனைந்தது துணிச்சலான செயலாகத் தோன்றினாலும், அதற்கு ஓர் அடிப்படை இருந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலுள்ள உயர்நிலை ஆய்வுக் கழகத்தில் ஜான் வான் நாய்மன் தலைமையில் ஐ.ஏ.எஸ் என்ற கணினி கட்டப்பட்டது. அதன் ஏரண அமைப்பை விளக்கி ஆர்தர் பர்க்ஸ், எர்மன் கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் ஆகிய மூவரும் 1946 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தொடர்ந்து வெளிவந்த அறிக்கைகளும் பல நாட்டு ஆய்வு நிறுவனங்களுக்குத் தாராளமாக அனுப்பப்பட்டன.

இதன் விளைவாக, ஒரே வடிவமைப்பின் வழிவந்த கணினிகள் பல இடங்களில் தோன்றின. அமெரிக்காவில் ஆர்ட்வாக் (1951), இல்லியாக் (1952), மேனியாக் (1952), ஜானியாக் (1953) ஆகியவையும், இசுரேலில் வெய்சாக் (1955), ஆத்திரேலியாவின் சிட்னியில் சில்லியாக் (1956) ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஒன்றுக்கொன்று அச்சு அசலான படிகள் அல்ல. ஒவ்வொரு குழுவும் தனக்குக் கிடைத்த பாகங்களுக்கு ஏற்பவும் தன் தேவைக்கு ஏற்பவும் வடிவமைப்பை மாற்றிக்கொண்டது. ஆகவே ஒன்றிற்காக எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே இயங்காது. ஆனால் அடிப்படைக் கருத்து ஒன்றே: நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில் இருக்கும், ஒரு சொல்லின் எல்லாப் பிட்டுகளும் ஒரே நேரத்தில் கையாளப்படும், சொல்லின் நீளம் பெரும்பாலும் 40 பிட்டு.

டிஃப்ராக் இந்த மரபில் வந்த கணினியாகும். அதன் சொல் நீளமும் 40 பிட்டுதான். 40 பிட்டுகளால் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். அறிவியல் கணக்கீடுகளுக்கு இந்தத் துல்லியம் போதுமானதாகக் கருதப்பட்டது.

முன்னோடிப் பொறி

குழு முழுக் கணினியை உடனே கட்டத் தொடங்கவில்லை. முதலில் சிறிய அளவிலான முன்னோடிப் பொறி ஒன்றை உருவாக்கியது. கூட்டல் சுற்று, கட்டுப்பாட்டுப் பகுதி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு ஆகிய எல்லாவற்றையும் சிறிய அளவில் கட்டி, அவை ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றனவா என்று அறிவதே அதன் நோக்கம். இப்பொறி 1956 ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது.

இம்முறையின் பயன் தெளிவானது. வெற்றிடக் குழாய்ச் சுற்று ஒன்று தனியே சோதிக்கும்போது சரியாக இயங்கும். ஆயிரக்கணக்கான குழாய்கள் ஒரே சட்டத்தில் அமையும்போது வெப்பமும், மின்னழுத்த ஏற்ற இறக்கமும், நீண்ட கம்பிகளில் குறிகைகள் சிதைவதும் புதிய சிக்கல்களைத் தோற்றுவிக்கும். இவற்றைத் தாளில் கணக்கிட்டு முழுமையாக அறிய இயலாது. சிறிய பொறியில் கற்ற பாடங்கள் பெரிய பொறியில் பிழைகளைக் குறைக்க உதவின.

டிஃப்ராக்

முழு அளவுக் கணினியின் பணி 1957 ஆம் ஆண்டில் தொடங்கியது. கணினி 1960 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பயன்பாட்டிற்கு வந்தது. 1962 சனவரியில் அப்போதைய தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் தானியங்கிக் கணிப்பான் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே அது. கொலாபாவில் கழகத்திற்கெனக் கட்டப்பட்ட புதிய கட்டடத்தை நேரு திறந்து வைத்ததும் அதே மாதத்தில்தான்.

டிஃப்ராக்கின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- வெற்றிடக் குழாய்கள்: 2,700
- செருமானிய இருமுனையங்கள்: 1,700
- மின்தடைகள்: 12,500
- நினைவகம்: 40 பிட்டு நீளமுள்ள 2,048 சொற்கள்
- நினைவகச் சுழற்சி நேரம்: 15 மைக்ரோநொடி
- முதன்மைச் சட்டத்தின் அளவு: 18 அடி நீளம், 2.5 அடி அகலம், 8 அடி உயரம்

சட்டம் தனித்தனிப் பெட்டகங்களாகச் செய்யப்பட்டு இணைக்கப்பட்டது. பழுது பார்ப்பதற்காக இருபுறமும் எஃகுக் கதவுகள் அமைந்திருந்தன. உள்ளீட்டிற்குத் துளையிட்ட காகித நாடா பயன்பட்டது.

ஃபெரைட்டு உள்ளக நினைவகம்

டிஃப்ராக்கின் சிறப்புக் கூறுகளுள் முதன்மையானது அதன் நினைவகமாகும். ஐ.ஏ.எஸ் கணினியும் அதன் வழிவந்த தொடக்ககாலக் கணினிகள் பலவும் வில்லியம்ஸ் குழாய் என்னும் எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தரவைச் சேமித்தன. அப்புள்ளிகள் விரைவில் மங்கிவிடும். இடைவிடாது புதுப்பிக்க வேண்டும். அருகில் எழும் மின் இரைச்சலும் அவற்றைக் கெடுத்துவிடும்.

ஃபெரைட்டு உள்ளக நினைவகம் இக்குறைகளை நீக்கியது. ஃபெரைட்டு என்பது காந்தத் தன்மையுள்ள ஒருவகைச் சுடுமண் பொருள். அதனாலான மிகச் சிறிய வளையம் ஒன்றை வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ காந்தமாக்கலாம். ஒரு திசை 0, மறு திசை 1. வளையங்கள் கட்டங்களாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் ஊடாகவும் நெடுக்கிலும் குறுக்கிலும் கம்பிகள் கோக்கப்படும். ஒரு கம்பியில் செல்லும் மின்னோட்டம் தனித்து வளையத்தின் நிலையை மாற்றாது. நெடுக்குக் கம்பியும் குறுக்குக் கம்பியும் சந்திக்கும் இடத்திலுள்ள வளையத்தில் மட்டுமே இரு மின்னோட்டங்களும் சேர்ந்து நிலையை மாற்றும். மின்சாரம் நின்றாலும் தரவு அழியாது. வளையத்தைப் படிக்கும்போது அதிலுள்ள தரவு அழிந்துவிடும் என்பதால், படித்த உடனே திரும்ப எழுதும் சுற்றும் தேவைப்பட்டது.

அமெரிக்காவின் வேர்ல்விண்டு கணினியில் 1953 ஆம் ஆண்டில்தான் இவ்வகை நினைவகம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே மும்பைக் குழு இதனைத் தேர்ந்தெடுத்தது. 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட்டு என்ற கணக்கில், 81,920 பிட்டுகளைச் சேமிக்க அத்தனை வளையங்கள் தேவை. இன்றைய அளவில் இது 10 கிலோபைட்டு மட்டுமே.

காட்சித்திரை

எதிர்மின்கதிர்க் குழாயாலான காட்சித்திரை ஒன்றும் டிஃப்ராக்குடன் இணைக்கப்பட்டது. எழுத்துகளையும் எண்களையும் வரைகோடுகளையும் அதில் காட்ட முடிந்தது. கணக்கின் விடையை எண் பட்டியலாக அச்சிட்டுப் பின்னர் கையால் வரைபடம் தீட்டிய காலத்தில் இது அரிய வசதியாகும். இக்காட்சித்திரைப் பணியில் முதன்மைப் பங்காற்றியவர் பி. வி. எஸ். ராவ். அவர் பின்னாளில் பேச்சை இனங்காணும் கணினி ஆய்வில் இந்திய முன்னோடிகளுள் ஒருவரானார்.

பயன்பாடும் முடிவும்

டிஃப்ராக் இயற்பியல், அணுவாற்றல் ஆகிய துறைகளின் கணக்கீடுகளுக்குப் பயன்பட்டது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு அது பயிற்சிக் களமாகவும் அமைந்தது.

ஆனால் அக்கணினி கட்டப்பட்டு வந்த ஆண்டுகளில் உலகம் வெகுவாக மாறிவிட்டிருந்தது. வெற்றிடக் குழாய்க்கு மாற்றாக, டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையம் வந்துவிட்டது. 1959 முதல் அமெரிக்க நிறுவனங்கள் திரிதடையக் கணினிகளைப் பெருமளவில் விற்கத் தொடங்கின. அவை அளவில் சிறியவை, குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை, விரைவு மிக்கவை. ஃபோர்ட்ரான் போன்ற உயர்நிலை மொழிகளில் நிரல் எழுதும் வசதியும் அவற்றில் இருந்தது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்க உதவியுடன் சி.டி.சி 3600 என்ற பெரிய கணினி டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் நிறுவப்பட்டது. நாட்டின் பல நிறுவனங்களுக்கும் கணக்கீட்டு மையமாகக் கழகம் விளங்கத் தொடங்கியது. அத்துடன் டிஃப்ராக்கின் காலம் முடிவுக்கு வந்தது.

ஐந்து ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பில் உருவான கணினி ஏறத்தாழ அதே கால அளவே பயன்பட்டது. இதனை வைத்து டிஃப்ராக் வீண் முயற்சி என்று கருத இடமுண்டு. அதனைப் போன்ற இரண்டாவது கணினி செய்யப்படவில்லை. எந்தத் தொழிற்சாலையும் அதனை உற்பத்தி செய்யவில்லை. எனினும் புதிய கணினியைப் பெற்று நடத்தவும், அதற்கு மென்பொருள் எழுதவும், அதன் பழுதுகளை அறியவும் தேவையான ஆட்கள் கழகத்தில் ஏற்கனவே இருந்தனர். அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியக் கணினித் துறையின் அமைப்புகள் சிலவற்றைக் கட்டி எழுப்பியவர்களும் இவர்களிடையே இருந்து வந்தவர்களே.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் கணினி ஆய்வகத்தில் வருகைதரு அறிவியலாளராகப் பணியாற்றினார். அங்கு இல்லியாக்-3 என்ற கணினித் திட்டத்தில் பங்கேற்றார். குமிழிக் கலத்தில் துகள்கள் செல்லும் தடங்களை எடுத்த நிழற்படங்களைத் தானாகவே ஆராய்வது இக்கணினியின் நோக்கம். இலட்சக்கணக்கான படங்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து அளப்பது இயலாத செயலாக இருந்தது.

இப்பணியின்போது நரசிம்மன் முன்வைத்த கருத்து அவருக்கு உலகப் புகழைத் தந்தது. ஒரு படத்தை வெறும் புள்ளிகளின் தொகுப்பாகக் கருதாமல், ஒரு வாக்கியத்தைப் போல உறுப்புகளாகப் பகுக்கலாம் என்பதே அக்கருத்து. கோடு, வளைவு, சந்திப்பு ஆகியவை சொற்களைப் போன்றவை. அவை இணையும் முறை இலக்கணத்தைப் போன்றது. இவ்வணுகுமுறை தொடரியல்வழி உருவறிதல் என்று அழைக்கப்படுகிறது. 1964 இல் இது பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அத்துறையின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்றாகும்.

சிறுகணினிகளின் காலம்

1964 இல் நாடு திரும்பிய நரசிம்மன் மீண்டும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலேயே பணியைத் தொடர்ந்தார். கழகத்தில் ஓல்டாப் என்ற திரிதடையக் கணினி உருவாக்கப்பட்டது. ஆய்வுக் கருவிகளிலிருந்து வரும் தரவை அவ்வப்போதே பெற்றுக் கையாள்வதற்கானது அது.

உலக அளவில் இக்காலம் சிறுகணினிகளின் காலமாகும். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965 ஆம் ஆண்டில் 12 பிட்டு நீளமுள்ள பி.டி.பி-8 கணினியையும், 1970 ஆம் ஆண்டில் 16 பிட்டு நீளமுள்ள பி.டி.பி-11 கணினியையும் வெளியிட்டது. ஒரு பெரிய கூடத்தை நிரப்பிய கணினி ஒரு பேழைக்குள் அடங்கியது. இந்தியாவில் 1967 இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய மின்னணுவியல் கழகம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வடிவமைப்பைக் கொண்டு டி.டி.சி-12 என்ற 12 பிட்டுக் கணினியை 1969 இல் வெளியிட்டது. 1970களில் 16 பிட்டு வகையைச் சேர்ந்த டி.டி.சி-316 வந்தது. டிராம்பே எண்ணிமக் கணினி என்பதன் சுருக்கமே டி.டி.சி. இவை சொல் நீளத்திலும் நோக்கத்திலும் முறையே பி.டி.பி-8, பி.டி.பி-11 ஆகியவற்றை ஒத்தவை. அணுவாற்றல் துறையைச் சேர்ந்த நிறுவனங்கள் கணினியைத் தாமே கட்டும் வழக்கம் இவ்வாறு டிஃப்ராக்கிற்குப் பின்னரும் தொடர்ந்தது.

அமைப்புப் பணிகள்

நரசிம்மன் 1965 இல் தோன்றிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கினார். 1970களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற்குள் அமைந்த தேசிய மென்பொருள் வளர்ச்சி மற்றும் கணிப்பு நுட்ப மையத்தை நிறுவி அதன் இயக்குநராக இருந்தார். இம்மையம் 1985 இல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்ற தன்னாட்சி நிறுவனமாக மாறியது. பின்னர் 2003 இல் சி-டாக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

1975 ஆம் ஆண்டில் இந்திய அரசு கணினிப் பராமரிப்புக் கழகத்தை (சி.எம்.சி) நிறுவியபோது, அதனை உருவாக்குவதில் நரசிம்மன் முக்கியப் பங்காற்றினார். இதன் பின்னணி குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்த கணினிகளில் பெரும்பாலானவை ஐ.பி.எம் நிறுவனத்துடையவை. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அந்நிறுவனம் உடன்படவில்லை. 1978 இல் நாட்டை விட்டு வெளியேறியது. இரயில்வே, வங்கி, ஆய்வு நிறுவனங்கள் முதலியவற்றில் இருந்த கணினிகளைப் பழுது பார்க்கும் பொறுப்பு சி.எம்.சியிடம் வந்தது. அப்பொறியாளர்கள் தாங்கள் வடிவமைக்காத கணினிகளை, அவற்றைச் செய்த நிறுவனத்தின் துணையின்றி இயக்க வேண்டியிருந்தது. டிஃப்ராக் முதல் நாட்டில் வளர்ந்து வந்த வன்பொருள் அறிவின் தேவை அப்போது கண்கூடாக வெளிப்பட்டது. 1980களில் இரயில்வே பயணச்சீட்டு முன்பதிவுக்கான கணினி முறைமையை உருவாக்கியதும் சி.எம்.சியே. அந்நிறுவனம் 2001 இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறி, 2015 இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசசுடன் இணைந்தது.

மொழியும் அறிதிறனும்

1970களிலிருந்து நரசிம்மனின் ஆய்வு ஆர்வம் கணினியிலிருந்து மனித மொழி நடத்தையை நோக்கித் திரும்பியது. செயற்கை நுண்ணறிவு என்பது பொறிகளைத் திறன் மிக்கவையாக ஆக்குவது மட்டுமன்று. மனிதன் எவ்வாறு கற்கிறான் என்பதை அறியும் வழியும் ஆகும் என்பது அவரது நிலைப்பாடு. குழந்தை எவ்வாறு தாய்மொழியைக் கற்கிறது என்ற கேள்வி அவரது ஆய்வின் மையமாயிற்று.

இதில் தமிழுக்கும் இடமுண்டு. தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் குழந்தை பெற்றோருடன் உரையாடுவதைத் தொடர்ந்து பதிவு செய்து, ஆர். வைத்தியநாதனுடன் இணைந்து ஆராய்ந்தார். இப்பதிவுகள் உலக அளவில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சைல்ட்ஸ் என்னும் குழந்தை மொழித் தரவகத்தில் இடம்பெற்றுள்ளன.

மொழி நடத்தையைப் படிமமாக்குவது பற்றிய நூல் (1981), மொழி கற்றலும் அதன் படிமலர்ச்சி வரலாறும் பற்றிய நூல் (1998), மேலைநாட்டு, இந்திய எழுத்தறிவு மரபுகளை ஒப்பிடும் நூல் (2004), செயற்கை நுண்ணறிவு பற்றிய நூல் (2004) ஆகியவை இவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றுள் சில. இந்திய அரசு 1977 ஆம் ஆண்டில் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1990 இல் கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்விலும் எழுத்திலும் ஈடுபட்டார். செப்டம்பர் 3, 2007 அன்று தமது 81 ஆம் அகவையில் காலமானார்.

பழங்கணினிகளை மீளக் கட்டுதல்

நரசிம்மனின் குழு செய்த பணியை இன்று ஒரு தனி மாணவர் மேசைமேல் செய்து பார்க்க இயலும். இதற்கு உதவுவது எப்.பி.ஜி.ஏ எனப்படும் நிரல்படு ஏரணச் சில்லு ஆகும். இதன் முதல் வணிக வடிவத்தை சைலிங்சு நிறுவனம் 1985 இல் வெளியிட்டது. சாதாரணச் சில்லில் மின்சுற்று ஆலையிலேயே முடிவாகிவிடும். இச்சில்லில் ஏராளமான சிறு ஏரணக் கூறுகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் மட்டுமே உள்ளன. எக்கூற்றை எதனுடன் இணைப்பது என்பதைப் பயன்படுத்துபவர் வெரிலாக், வி.எச்.டி.எல் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளில் எழுதித் தீர்மானிக்கலாம். தவறு நேர்ந்தால் திருத்தி மீண்டும் ஏற்றலாம்.

உலகெங்கும் ஆர்வலர்கள் பி.டி.பி-8, பி.டி.பி-11 ஆகிய சிறுகணினிகளை இம்முறையில் மீளக் கட்டியுள்ளனர். அக்கணினிகளின் கையேடுகளும் சுற்று வரைபடங்களும் விரிவாக வெளியிடப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம். டிஃப்ராக் போன்ற 40 பிட்டுக் கணினிக்கும் இம்முறை பொருந்தும். வெற்றிடக் குழாய்களாலான பதிவகங்கள் சில்லின் நிலைமாற்றிகளாக மாறும். 81,920 பிட்டு நினைவகம் பயிற்சிக்கூடங்களிலுள்ள சிறிய சில்லுகளிலேயே அடங்கிவிடும். துளைநாடாவின் இடத்தில் ஒரு கோப்பும், காட்சித்திரையின் இடத்தில் சாதாரணக் கணினித் திரையும் அமையும்.

கடினமான பகுதி வேறு. கணினியின் ஒவ்வொரு கட்டளையும் எவ்வாறு குறிக்கப்பட்டது, மிகை ஏற்பட்டால் என்ன நிகழ்ந்தது, உள்ளீட்டுக் கருவி எப்போது காத்திருந்தது என்பன போன்ற நுட்பங்கள் ஆவணங்களிலிருந்தே தெரிய வேண்டும். மேலும், ஐ.ஏ.எஸ் கணினிக்குப் பொதுவான கடிகாரத் துடிப்பு இல்லை; ஒரு செயல் முடிந்தது என்ற குறிகையே அடுத்ததைத் தொடங்கி வைத்தது. எப்.பி.ஜி.ஏ சில்லுகளோ கடிகாரத் துடிப்பைச் சார்ந்து இயங்குமாறு அமைந்தவை. எனவே அவ்வகைக் கணினியை மீளக் கட்டுபவர், விடை மாறாதபடி கட்டுப்பாட்டுப் பகுதியைப் புதிதாக வடிவமைக்க வேண்டும். ஆவணங்கள் காக்கப்படாத கணினியை எவ்வளவு திறன் மிக்க சில்லாலும் மீட்க இயலாது.

நரசிம்மன் பயின்ற கிண்டி பொறியியல் கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இயங்குகின்றன. மின்னணுவியல் மாணவர்களுக்கான அப்பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் வன்பொருள் விவரிப்பு மொழியும் எப்.பி.ஜி.ஏ பயிற்சியும் இடம்பெற்றுள்ளன. ஒரு கூட்டல் சுற்றில் தொடங்கி, பதிவகம், கட்டுப்பாட்டுப் பகுதி, நினைவகம் எனப் படிப்படியாக ஒரு முழுக் கணினியைக் கட்டி முடிக்கத் தேவையான கருவிகள் அவர்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதலில் சிறிய பொறியைக் கட்டிச் சோதித்து, அதன்பின் பெரியதைக் கட்டுதல் என்ற டிஃப்ராக் குழுவின் முறை இதற்கும் ஏற்றது.

மதிப்பீடு

டிஃப்ராக்கை வணிகப் பொருளாக அளந்தால் அது தோல்வியே. நாட்டில் கணினி உற்பத்தித் தொழிலை அது தோற்றுவிக்கவில்லை. இந்தியா பின்னாளில் உலகப் புகழ் பெற்றதும் மென்பொருளில்தான், வன்பொருளில் அன்று. ஆனால் ஒரு கணினி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கம்பிக்குக் கம்பி அறிந்த முதல் தலைமுறையை இந்தியாவில் உருவாக்கியது அம்முயற்சியே. அத்தலைமுறையைச் சேர்ந்தவர்கள் கணினிச் சங்கத்தையும் மென்பொருள் மையத்தையும் ஆய்வுத் துறைகளையும் வளர்த்தனர். தமது முப்பதாம் அகவையில் முன்னோடிப் பொறியை இயக்கிக் காட்டிய நரசிம்மன், இவ்வமைப்புகள் பலவற்றின் தொடக்கத்திலும் இருந்தார். இந்தியக் கணினி வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இதனாலேயே அமைகிறது.